எலித் தொல்லை: மருந்தா, பொறியா, அடைப்பா?

வீட்டில் எலி நடமாட்டம் தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். தெருமுனைக் கடைக்குப் போய் "எலி மருந்து இருக்கா?" என்று கேட்பார்கள். கடைக்காரர் ஒரு கேக்கோ பசைத்தட்டோ எடுத்துக் கொடுப்பார். கொஞ்ச நாள் சத்தம் இருக்காது. அப்புறம் பழையபடி பரண்மேல் உருட்டல், அரிசி மூட்டையில் ஓட்டை, பாத்ரூமில் கடித்துப்போட்ட சோப்பு. நம் ஊர் வெக்கைக்கும் நாம் கட்டும் வீடுகளுக்கும் மருந்தில் ஆரம்பிப்பது தவறான வரிசை என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும், கூடவே பொறி வைக்க வேண்டும். வீட்டுக்குள் விஷம் வைக்கும் தேவையே பெரும்பாலும் வராது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யும் முன், வந்திருப்பது எது என்று பார்த்துவிடுங்கள். சுண்டெலி சின்னது, ஏறத்தாழ 20 கிராம்தான் இருக்கும். அதன் புழுக்கை அரிசி அளவு. கூடு கட்டிய இடத்திலிருந்து பத்து மீட்டருக்குள்ளேயே சுற்றும். புதுப் பொருள் எதைக் கண்டாலும் கிட்டே போய் முகர்ந்து பார்க்கும், அதனால் பொறியில் சீக்கிரம் விழும். வீட்டெலி வேறு ரகம். வால் உடம்பைவிட நீளம், சுவர் ஏறும், கேபிள் ஒயரில் நடந்து வரும், ஓட்டுக்கூரையிலும் பரணிலும் குடியிருக்கும். நேற்று இல்லாத பொருள் இன்று அதன் பாதையில் இருந்தால் பல நாள் தொடவே தொடாது. பெருச்சாளி தரையில் வளை தோண்டும், சாக்கடை வழியாக வரும், ஒரு கிலோ வரைக்கும் வளரும். சுற்றுச்சுவர் ஓரம் புதிதாக மண் குவிந்திருந்தால் அதன் வேலைதான்.

நாலாவதாக மூஞ்சூறு. இது எலியே இல்லை. நீண்ட கூர்மூக்கு, கீச்சென்ற சத்தம், ஒரு நாற்றம், சுவரோரமாக ஓட்டம். தின்பது பெரும்பாலும் கரப்பான், பூச்சிகள். அரிசி மூட்டையை இது கடிப்பதில்லை. எலிக்கு வைக்கும் தானிய கேக்கில் இதற்கு ஆசையும் குறைவு. "மருந்து வைத்தும் போகவில்லை" என்று சொல்கிற சில வீடுகளில் ஓடுவது மூஞ்சூறாக இருக்கும். கதவிடுக்கையும் சாக்கடை வாயையும் மூடினாலே போதும், அது தன் பாட்டுக்குத் தோட்டத்தோடு இருந்துகொள்ளும்.

வெக்கை ஊருக்கென்று சில சங்கதிகள் இருக்கின்றன. குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தில்தான் எலிகள் கதகதப்பைத் தேடி வீட்டுக்குள் நுழையும். அங்கே அது பருவத் தொல்லை. நமக்கு வருடம் முழுக்க. எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தான். ஒரு ஈற்றில் ஐந்து முதல் எட்டுக் குட்டி. சுண்டெலிக்குட்டி ஆறு வாரத்தில் தானே இனப்பெருக்கத்துக்குத் தயார், பெரிய எலிக்கு இரண்டு மூன்று மாதம். இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போடக் கடுங்குளிரும் இங்கே கிடையாது. மழைக்காலம் வந்தால் வளைகளில் தண்ணீர் புகுந்து அவை மேட்டைத் தேடும். மேடு என்பது நம் வீட்டுத் தரை. நம் வீடுகளோ காற்றுக்காகத் திறந்தே இருப்பவை. வெண்டிலேட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன் துளை, மாடிக்கதவு, ஓட்டு இடுக்கு என்று எத்தனையோ வாசல். இதோடு செத்த எலியின் நாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வெக்கையில் ஒரே நாளில் கிளம்பும்.

அடைப்பு: அலுப்பான வேலை, பலன் அதிகம்

சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், ஒரு பென்சில் நுழையும் அளவு. பெரிய எலிக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் இருந்தால் தலையை நுழைத்து உடம்பைச் சுருக்கிக்கொண்டு வந்துவிடும். இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வந்தால் கண்ணில் படுவது வேறு வீடாக இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது சமையலறை சிங்க்குக்குக் கீழே. வேஸ்ட் பைப் தரையில் இறங்கும் இடத்தில் குழாயைவிடத் துளை பெரிதாக இருக்கும், பிளம்பர் அப்படியே விட்டுப் போயிருப்பார். அடுத்தது பாத்ரூம் ஜல்லடை. உடைந்தோ, திருகு இல்லாமல் வெறுமனே உட்கார்ந்தோ இருக்கும். எலி அதைத் தலையால் தூக்கித் தள்ளிவிட்டு வந்துவிடும். ஏசி பைப் சுவரைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் வைத்த வெள்ளைப் பூச்சு காய்ந்து உதிர்ந்திருக்கும். கதவின் அடியில் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். தென்னை மட்டையோ மாங்கிளையோ மாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது வீட்டெலிக்குப் படிக்கட்டு. சுவரில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப உரசிப்போனதால் ஏற்பட்ட எண்ணெய்ப் பிசுக்குக் கறை தெரிந்தால் அதுதான் அதன் பாதை.

பாதை பிடிபடவில்லையா? ராத்திரி படுக்கப் போகும்போது சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரையோ கல்மாவுக் கோலப்பொடியையோ மெல்லிசாகத் தூவி வையுங்கள். அரிசிமாவு வேண்டாம், அது விருந்தாகிவிடும். காலையில் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் சின்னப் பாதத்தடமும் நடுவில் வால் இழுத்த கோடும் தெரியும். எந்த ஓட்டையிலிருந்து கிளம்பி எங்கே போனது என்று வரைபடம் போட்டதுபோல் கிடக்கும்.

எதை வைத்து அடைப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். துணி, தெர்மோகோல், ஸ்ப்ரே ஃபோம், மரக்கட்டை எல்லாம் எலியின் பல்லுக்கு ஒன்றும் இல்லை. அதன் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பவை, கடித்துத் தேய்த்துத்தான் ஆக வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை ஓட்டைக்குள் இறுக்கித் திணித்து, அதன்மேல் சிமென்ட்டோ எம்-சீலோ பூசுங்கள். வெண்டிலேட்டருக்கும் எக்ஸாஸ்ட் துளைக்கும் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள இரும்பு வலை அடித்தால் காற்றும் வரும். கொசுவலையை நம்பாதீர்கள், ஒரே ராத்திரியில் கிழித்துவிடும். கதவடிக்கு அலுமினியத் தகடு, ஜல்லடைக்குத் திருகு. பெரும்பாலான வீடுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சில நூறு ரூபாயும்தான் செலவு.

இந்த வழியின் குறை என்னவென்றால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் எலியை இது வெளியேற்றாது. அதனால் அடைத்த அன்றைக்கே உள்ளே பொறியும் இருக்க வேண்டும். இன்னொரு குறை, பழைய ஓட்டு வீட்டில் முழுசாக அடைப்பது நடக்காத காரியம். அங்கே பரணைச் சுத்தமாக வைத்து, மேலே தொடும் கிளைகளை வெட்டி, தானியத்தைத் தகரப் பீப்பாயிலோ எவர்சில்வர் தூக்கிலோ மூடிவைப்பதுதான் பாதி வேலை. காக்காய்க்கு வைத்த சோறு கைப்பிடிச் சுவரில் ராத்திரிவரை கிடக்கக் கூடாது. சாமி விளக்கைக் குளிர வைக்காமல் படுக்கவும் கூடாது. எண்ணெய் ஊறிய திரியை எலி இழுத்துக்கொண்டு ஓடும், எரியும் திரியையும் விடாது.

பொறிகளில் எது?

நம் வீடுகளில் பழக்கமானது கூண்டுப் பொறி. மசால் வடைத் துண்டு, சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாடு, இதில் ஏதாவது ஒன்றைக் கொக்கியில் மாட்டிவிட்டால் ராத்திரி "டப்" என்று கதவு விழும். குழந்தைகள், நாய், பூனை இருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பானது இல்லை. பிள்ளையார் வாகனத்தைக் கொல்ல மனம் வராதவர்களுக்கும் இதுதான் சரி. மறுநாள் காலையில்தான் பிரச்சினை. பிடிபட்டதை என்ன செய்வது? பக்கத்துக் காலி மனையில் விட்டால் அடுத்த வீட்டுக்குப் போகும், இல்லை திரும்பி நம் வீட்டுக்கே வரும். வாளித் தண்ணீரில் கூண்டோடு அமுக்குவது பல வீடுகளில் நடக்கிறது. நன்றாக நீந்தத் தெரிந்த ஒரு பிராணியை அப்படி மூச்சுத்திணற வைப்பது கொடுமை, அதைச் செய்யாதீர்கள். எங்கே விடப்போகிறோம் என்று யோசித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் கூண்டு. குடியிருப்பை விட்டு நன்றாகத் தள்ளி விட வேண்டும். திறக்கும்போது கையுறை வேண்டும், பிறகு கூண்டைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.

கொல்வதென்று முடிவு செய்தால், ஸ்பிரிங் கம்பி சட்டென்று அடிக்கும் பொறிதான் என் தேர்வு. நல்ல பொறியாக இருந்தால் எலி நொடியில் சாகும். செத்தது கண்ணெதிரே கிடக்கும், எடுத்துப் புதைக்கலாம், எங்கே நாறுகிறது என்று தேட வேண்டாம். விஷமும் இல்லை. ஆனால் வைக்கும் முறை முக்கியம். எலி சுவரை ஒட்டியே ஓடும், அதனால் இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வைக்க வேண்டும். இரையை வெறுமனே வைத்தால் நக்கிவிட்டுப் போய்விடும். கடலை மிட்டாய்த் துண்டையோ கருவாட்டையோ நூலால் கட்டிவிட்டால் இழுக்கும், பொறி விழும். சந்தேகப் பிராணியான வீட்டெலிக்கு, முதல் இரண்டு மூன்று ராத்திரி பொறியை ஏற்றாமல் தீனி மட்டும் வைத்துப் பழக்குங்கள். தின்ன ஆரம்பித்த பிறகு எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றுங்கள்.

எல்லாவற்றையும் என்று சொன்னதைக் கவனியுங்கள். ஒரே ஒரு பொறி வாங்கி, அதை நாலு நாள் ஒரே மூலையில் வைத்துவிட்டு "பொறியெல்லாம் வேலைக்காகாது" என்று சொல்பவர்கள் நிறைய. காவிரி டெல்டாவில் வயல் எலிக்குத் தஞ்சாவூர் கிட்டி வைப்பவர்களைப் பார்த்தால் இது புரியும். மூங்கிலில் வில்போல் வளைத்துச் செய்த கிட்டிகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரப்போரம் எலி ஓடிய தடத்தைக் குனிந்து பார்த்து, அதன்மேல் வரிசையாக நட்டுவிட்டு, விடிந்ததும் போய் எடுப்பார்கள். வீட்டிலும் அதே கணக்குதான். சுண்டெலி என்றால் இரண்டு மீட்டருக்கு ஒன்று வீதம் நாலைந்து பொறி, அது ஓடும் பாதையில்.

பசைத்தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலிவு, எங்கும் கிடைக்கிறது, சுண்டெலி மாட்டும். நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மாட்டிய எலி மணிக்கணக்கில் தோலும் முடியும் பிய்யப் பிய்ய இழுத்துக்கொண்டு உயிரோடு கிடக்கும், கத்தும். பல்லி, அணில், குருவி, பூனைக்குட்டி எது மிதித்தாலும் அதே கதி. (அப்படி ஏதாவது சிக்கினால் சமையல் எண்ணெயைத் தடவி மெதுவாக விடுவிக்கலாம்.) இந்திய விலங்குகள் நல வாரியம் இந்தத் தட்டுகளைத் தடுக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அடிக்கும் பொறி அதே விலைக்குப் பக்கத்தில் கிடைக்கும்போது இதை வாங்க ஒரு காரணமும் இல்லை.

மருந்து என்று நாம் சொல்லும் விஷம்

கடைகளில் புழங்குவது முக்கியமாக மூன்று வகை. கலர் கேக்குகளில் இருப்பது பெரும்பாலும் புரோமடையலோன், 0.005 சதவீதம். வைட்டமின் கே வேலை செய்வதைத் தடுத்து, ரத்தம் உறையாமல் ஆக்கி, உள்ளேயே கசிந்து சாகடிக்கும். உடனே வலியில்லாததால் எலிக்கு அந்தத் தீனிமேல் சந்தேகம் வராது, அதுதான் இதன் பலம். சாக நாலு நாள் முதல் ஒரு வாரம் ஆகும். கறுப்புத்தூளாக வரும் துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் வாயுவை விடும், சில மணி நேரத்தில் கொல்லும். கொஞ்சமாகத் தின்று பிழைத்த எலி மறுபடி அதைத் தொடாது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. மூன்றாவது, மஞ்சள் பாஸ்பரஸ் 3 சதவீதம் கலந்த பசை. இதற்கும் மாற்று மருந்து கிடையாது. மனிதர் உடம்புக்குள் போனால் முதலில் சில நாள் சாதாரணமாக இருப்பதுபோல் தோன்றி, பிறகு கல்லீரலைச் செயலிழக்க வைக்கும். தமிழ்நாட்டு மருத்துவமனைகள் இதனால் பார்த்த சாவுகள் ஏராளம். தமிழ்நாடு அரசு இதன் விற்பனையைத் தடை செய்திருக்கிறது. எங்காவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள்.

"தின்ற எலி தாகமெடுத்து வெளியே போய்ச் செத்துவிடும்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. உடம்பு முடியாத எலி தன் கூட்டுக்குத்தான் போகும். அது உங்கள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, மாடுலர் கிச்சன் அலமாரிக்குப் பின்னால், பரணில் அடுக்கிய பழைய பேப்பருக்கு நடுவே இருக்கும். அப்புறம் பத்து நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும். ஓட்டையை அடைத்துவிட்டு உள்ளே கேக்கும் வைத்தால் சாவது உறுதியாக வீட்டுக்குள்தான். தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் தெருநாய்க்கும் பூனைக்கும் கூகைக்கும் அந்த விஷம் போய்ச் சேரும்.

2024 நவம்பரில் சென்னை குன்றத்தூரில் நடந்ததை மறக்க முடியவில்லை. பூச்சி ஒழிப்பு ஆட்கள் எலி மருந்து வைத்துவிட்டுப் போன வீட்டில், ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்தார்கள், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மூடிய அறையில், குழந்தை தவழும் தரையில் இந்தப் பொருட்களுக்கு இடமே இல்லை. தவறி ஒரு குழந்தை வாயில் வைத்துவிட்டால், "ஒன்றும் செய்யவில்லையே" என்று காத்திருக்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், அந்த உறையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் சிகிச்சை. புரோமடையலோனுக்கு வைட்டமின் கே1 இருக்கிறது.

அப்படியென்றால் விஷத்துக்கு இடமே இல்லையா? ஒரு இடம் உண்டு. தரைத்தள வீட்டின் வெளியே, பெருச்சாளி வளைகள் சுற்றுச்சுவர் நெடுக ஓடி அஸ்திவாரம்வரை அரிக்கும்போது பொறி மட்டும் போதாது. பூட்டக்கூடிய பெட்டிக்குள் கேக்கை வைத்து, தெரிந்த ஆள் கண்காணித்து, செத்ததை எடுத்துப் புதைத்து, மீதியை அப்புறப்படுத்துவது என்றால் சரி. அதோடு சாக்கடைச் சேம்பர் மூடியின் உடைசலைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த மாதம் புதுப் பெருச்சாளி குடிவரும்.

மற்றவை, சுருக்கமாக

பிளக்கில் சொருகும் அல்ட்ராசோனிக் கருவிக்குக் காசு செலவழிக்காதீர்கள். அந்த ஒலி சுவரையோ அலமாரியையோ தாண்டாது, எலிக்குச் சில நாளில் பழகியும் போகும். அமெரிக்காவின் வர்த்தக ஆணையமே 2001-இல் இவற்றை விற்ற அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. புதினா, பூண்டு, புகையிலை எல்லாம் ஓரிரு நாள் வேலை. ரசகற்பூர உருண்டை அதைவிட மோசம், சில குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

பூனை வளர்ப்பது நல்லதுதான், பூனைக்காக. சுண்டெலியைப் பிடிக்கும், அதன் வாசனைக்குச் சில எலிகள் ஒதுங்கும். பெரிய எலியோடு மோதப் பெரும்பாலான பூனைகள் தயாரில்லை. நியூயார்க்கின் புரூக்லினில் ஒரு குப்பைக் கிடங்கில் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. எலிக் கூட்டத்துக்கு நடுவே பூனைகள் வாரக்கணக்கில் சுற்றியும் கொன்றது இரண்டே இரண்டு எலிகளை.

பூச்சி ஒழிப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டால் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஓட்டைகளைப் பார்த்து அடைத்துத் தருவீர்களா?" கேக் வைத்துவிட்டு மாதாமாதம் வருகிறேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். என்ன மருந்து, எங்கே வைத்தீர்கள் என்று எழுதி வாங்காமல் அனுப்பாதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு எது?

அடுக்குமாடியில் மேல்தளம், சுண்டெலி என்றால் சிங்க் துளை, பாத்ரூம் ஜல்லடை, ஏசி துளை இந்த மூன்றையும் அடைத்துவிட்டு நாலைந்து சின்ன அடிக்கும் பொறி வையுங்கள், அதோடு முடிந்துவிடும். குழாய்கள் இறங்கும் டக்ட்டில் வலை அடிப்பதை மட்டும் அசோசியேஷன் சேர்ந்துதான் செய்ய முடியும். ஒரு வீடு மட்டும் அடைத்தால் எலி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும். வாடகை வீடு என்றால் ஓனரிடம் பேசிப் பாருங்கள். அதற்குள் கழற்றி எடுக்கக்கூடிய கதவடித் தகடும் ஜல்லடைமேல் வைக்கும் வலையும் போதும், கூடவே கூண்டு. தனி வீடு, ஓட்டுக்கூரை, வீட்டெலி என்றால் கிளைவெட்டு, தகரப் பீப்பாய், பரணில் பழக்கி ஏற்றிய பெரிய பொறிகள். கைக்குழந்தை இருந்தால் எந்த வீடானாலும் கூண்டு மட்டும். பெருச்சாளிக்கு வெளி வேலைதான் முழுவதும்.

எலி போன பிறகு புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துணியால் துடைத்து, அந்தத் துணியைப் போட்டுவிடுங்கள். எலிக்காய்ச்சல் பரவுவது எலியின் சிறுநீர் கலந்த தண்ணீராலும் ஈரத்தாலும். மழைநீர் தெருவில் நிற்கும் நாட்களில் காலில் வெட்டுக்காயத்தோடு அதில் நடந்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், டாக்டரிடம் வீட்டில் எலி இருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கிலேயே குணமாகிவிடும்.